திரும்பி வருபவன் அந்நியனா?

இரண்டாமாண்டு, இளமறிவியல் (கணிதம்)

கணிதத்தில் ‘தொடர்ச்சி’ என்ற சொல்லுக்குத் திட்டமான பொருள் உண்டு. தாளிலிருந்து எழுதுகோலை எடுக்காமல் ஒரு வளைகோட்டை வரைய முடியுமானால், அது தொடர்ச்சியானது என்று எளிமையாகச் சொல்லித் தருவார்கள். ஓரிடத்தில் எழுதுகோலை எடுத்துவிட்டால் தொடர்ச்சி அறுந்துவிடும். எவ்வளவு நேரம் எடுத்தோம், ஏன் எடுத்தோம் என்று கணிதம் கேட்பதில்லை. முதலாமாண்டில் இதைப் படித்தபோது தேர்வுக்குரிய ஒரு வரையறை என்ற அளவில்தான் எனக்குப் பட்டது.

சென்ற கோடை விடுமுறையில் எங்கள் வீட்டுப் பரணிலிருந்த தாத்தாவின் தகரப்பெட்டியை இறக்கினோம். அதன் அடியில், துணியில் சுற்றிய ஒரு தட்டச்சுக் கடிதம் இருந்தது. இலங்கையிலிருந்து கொண்டுவந்தது. ஆங்கிலத்தில் எழுதப்பட்டிருந்தது. எங்கள் குடும்பத்தில் அதுவரை யாரும் அதைப் படித்ததில்லை. படிக்கத் தெரிந்தவர் இல்லை. நான்தான் அகராதியை வைத்துக்கொண்டு படித்துச் சொன்னேன். தாத்தாவின் தகப்பனார் இலங்கையில் ‘தொடர்ச்சியாக வசித்தார்’ என்பது மெய்ப்பிக்கப்படாததால், அவருடைய குடியுரிமை விண்ணப்பம் ஏற்கப்படவில்லை என்பதே அதன் சாரம். வகுப்பில் படித்த சொல் பெட்டிக்குள்ளிருந்து எழுந்து நின்றது போலிருந்தது.

ஒரு நாட்டில் நெடுங்காலம் குடியிருந்தவர் வேறு நாட்டுக்குப் போய் நீண்டநாள் தங்கிவிட்டுத் திரும்பினால், அவர் வீடு திரும்புகிறவரா, புதிதாக நுழைகிறவரா? இந்தக் கேள்விக்கு உலக நாடுகள் அளிக்கும் விடைகளையும், அவ்விடைகள் நம் அருப்புக்கோட்டை, திருச்சுழிச் சீமையின் வாழ்வைத் தொட்ட விதத்தையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

குடிமகனும் குடியிருப்பாளனும்

முதலில் சொற்களைத் தெளிவாக்கிக் கொள்வோம். ஒரு நாட்டின் குடிமகனுக்கு அந்நாட்டுக்குள் நுழையும் உரிமை பிறப்போடோ பதிவோடோ வருகிறது. வெளியே எத்தனை ஆண்டு இருந்தாலும் அது பொதுவாக அழிவதில்லை. சுற்றுலா வருபவனுக்கு உரிமை இல்லை, அனுமதிதான் உண்டு. இவ்விருவருக்கும் நடுவே நிற்பவனே நிரந்தரக் குடியிருப்பாளன். அவன் அங்கே உழைக்கிறான், வரி கட்டுகிறான், பிள்ளை பெறுகிறான், பிணம் புதைக்கிறான். ஆயினும் அவனது உரிமை அவன் அங்கே இருப்பதைப் பொறுத்தே நிற்கிறது. அவன் எல்லையைத் தாண்டி வெளியே காலெடுத்து வைத்த நாள்முதல் யாரோ ஒருவர் எங்கோ ஒரு பதிவேட்டில் நாள் எண்ணத் தொடங்கிவிடுகிறார். ‘நிரந்தரம்’ என்ற அடைமொழி இருந்தாலும், நிரந்தரமற்ற உரிமை அது.

வானம் பார்த்த பூமியும் கண்டிச்சீமையும்

நம் பகுதி கரிசல் காடு. வடகிழக்குப் பருவமழை ஐப்பசி, கார்த்திகையில் பெய்தால் கண்மாய் நிறையும். பொய்த்தால் குண்டாற்றில் மணல்தான் ஓடும். கம்பும் சோளமும் பருத்தியும் மல்லியும் மழையை நம்பியவை. ஆகவே, மழை பொய்த்தால் புறப்படுவதும், மழை பெய்தது என்று செய்தி வந்தால் திரும்புவதும் இம்மண்ணின் மக்களுக்கு வழிவழியாக வந்த பழக்கம். 1876 முதல் 1878 வரை நீடித்த தாது வருடப் பஞ்சம் இப்பழக்கத்தைப் பெருவெள்ளமாக்கியது. பழைய இராமநாதபுரம் மாவட்டத்து மக்கள் இலங்கை, பர்மா, மலேயா என மூன்று திசைகளிலும் பரவினர். இன்றும் நம் கிராமங்களில் பெரியவர்கள் இலங்கை மலைநாட்டைக் ‘கண்டிச்சீமை’ என்றே குறிப்பிடுகின்றனர்.

இலங்கைப் பயணத்தின் தன்மை இடையில் மாறியது என்பதைக் கவனிக்க வேண்டும். தொடக்கத்தில் அங்கே இருந்தவை காப்பித் தோட்டங்கள். காப்பிக்கு அறுவடைக் காலத்தில் மட்டுமே ஆள் அதிகம் வேண்டும். மக்கள் தோணியில் மன்னாருக்குப் போய், காட்டுவழியே மலைநாடு வரை நடந்து, அறுவடை முடிந்ததும் நடந்தே திரும்பினர். 1869இல் காப்பிச் செடியின் இலைகளில் துருநோய் கண்டது. அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் காப்பி அழிந்து, அதன் இடத்தைத் தேயிலை பிடித்தது. தேயிலைக் கொழுந்தை ஆண்டு முழுவதும் கிள்ள வேண்டும். எனவே தொழிலாளர் குடும்பத்தோடு லயங்களில் குடியமர்ந்தனர். வந்துபோகும் கூலியை நிலையான குடியாக மாற்றியது தேயிலைச் செடிதான் எனலாம்.

குடியமர்ந்தாலும் ஊர்த்தொடர்பு அறவில்லை. 1914இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பல் போக்குவரத்து தொடங்கியபின் பயணம் எளிதாயிற்று. மண்டபம் முகாமில் தங்கி, நோய்ச் சோதனை முடிந்து கப்பலேறினால் மறுகரை. குலசாமிக்குப் பொங்கலிட, பிள்ளைக்கு முடியிறக்க, காது குத்த, தங்கை கல்யாணத்துக்கு, தாயின் கருமாதிக்கு, பங்காளியோடு வரப்புத் தகராறு தீர்க்க என்று சில ஆண்டுகளுக்கு ஒருமுறை ஊருக்கு வந்து போவார்கள். இரண்டும் ஒரே ஆட்சியின் கீழ் இருந்த நாடுகள். கடலைக் கடந்தோமே தவிர, எல்லையைக் கடந்தோம் என்று அவர்கள் நினைக்கவில்லை.

பதினான்கு மாதங்கள்

1948 பிப்ரவரி 4இல் இலங்கை விடுதலை பெற்றது. அவ்வாண்டின் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழர்களில் மிகப் பெரும்பாலோரைக் குடிமக்கள் பட்டியலுக்கு வெளியே நிறுத்தியது. அவர்களுக்கென 1949இல் இந்திய, பாகிஸ்தானியக் குடியிருப்பாளர் குடியுரிமைச் சட்டம் என்ற தனிச்சட்டம் வந்தது. 1946 ஜனவரி 1ஆம் தேதிக்கு முன்னர், மணமானவரானால் ஏழு ஆண்டுகளும் மணமாகாதவரானால் பத்து ஆண்டுகளும் ‘இடையறாது’ அங்கே வசித்திருக்க வேண்டும். அத்தேதியிலிருந்து விண்ணப்பிக்கும் நாள்வரையும் அப்படியே வசித்திருக்க வேண்டும். மனைவியும் வயதுவராத பிள்ளைகளும் அங்கேயே வசித்தமைக்கும் சான்று வேண்டும். இடையில் வெளியே போனவர் ஒரு தடவைக்குப் பன்னிரண்டு மாதங்களுக்கு மேல் தங்கியிருந்தால், இடையறாமை அறுந்துவிடும்.

எங்கள் குடும்பத்தின் கதை இங்கேதான் வருகிறது. தாத்தாவின் தகப்பனார் 1925 வாக்கில், பதினைந்து வயதில், கங்காணி ஒருவரோடு கண்டிச்சீமைக்குப் போனவர். அங்கேயே மணமுடித்தார். 1941 ஆடியில் தாயார் படுக்கையில் விழுந்தார் என்று கடிதம் வரவே, ஊருக்கு வந்தார். தாயாரின் காரியங்கள் முடிந்தபின் உடனே திரும்ப முடியவில்லை. அப்போது ஒரு தடை நடைமுறையில் இருந்தது. இலங்கையில் இந்தியத் தொழிலாளர்கள் வேலைநீக்கம் செய்யப்பட்டதையொட்டி, 1939 ஆகஸ்டு 1 முதல் தோட்ட வேலைக்கு அங்கே செல்வதை இந்திய அரசே தடுத்திருந்தது. 1942இல் அத்தடை ஓரளவு தளர்ந்தது. “கப்பலேற விடாம மண்டபத்திலயே திருப்பி அனுப்பிட்டாக” என்று தம் தகப்பனார் சொல்லக் கேட்டதாகத் தாத்தா சொல்கிறார். அவர் லயத்துக்குத் திரும்பியது அடுத்த ஆண்டு புரட்டாசியில். ஆகப் பதினான்கு மாதங்கள்.

கடிதம் வந்த அன்று தோட்டத்துக் கிளாக்கரையா படித்துச் சொன்ன ஒரே செய்தி அதுதான். அதைத் தாத்தா இன்றும் மறக்கவில்லை. “பன்னெண்டு மாசம் வரைக்கும் பரவாயில்லையாம் ஐயா. அந்த மிச்சம் ரெண்டு மாசந்தான் நம்மள இங்க கொண்டாந்து போட்டுச்சு” என்பார்.

நான் கணித மாணவன் என்பதால் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 1939 ஜனவரி 1 முதல் 1945 டிசம்பர் 31 வரை இரண்டு லீப் ஆண்டுகளையும் சேர்த்து 2,557 நாள்கள். பதினான்கு மாதங்களை 425 நாள்கள் எனக் கொண்டால், அவர் இலங்கையில் இருந்தது 2,132 நாள்கள். நூற்றுக்கு 83 பங்கு. அவர் தோற்றார். இதே ஏழு ஆண்டுகளில் மூன்று முறை, ஒவ்வொரு முறையும் பதினொரு மாதம் வெளியே போய்வந்த ஒருவரை எண்ணிப் பாருங்கள். அவர் வெளியே இருந்தது முப்பத்து மூன்று மாதங்கள். எனினும் சட்டத்தின் எழுத்தை மட்டும் வைத்துக் கணக்கிட்டால், எந்தத் தடவையும் பன்னிரண்டைத் தாண்டவில்லை. ஆகவே தொடர்ச்சி அறவில்லை! சட்டம் கூட்டுத்தொகையைப் பார்க்கவில்லை. மிகப்பெரிய ஒற்றை இடைவெளியை மட்டுமே பார்த்தது.

இது ஒரு குடும்பத்தின் கதை மட்டுமன்று. அச்சட்டத்தின் கீழ் ஏறத்தாழ 8,25,000 பேருக்காக விண்ணப்பங்கள் தரப்பட்டன; குடியுரிமை பெற்றவர்கள் ஏறத்தாழ 1,34,000 பேரே. மறுக்கப்பட்டமைக்குக் காரணங்கள் பல. பதிவேடு இல்லை, பெயர் ஒன்றுக்கொன்று ஒத்துவரவில்லை, மனைவி ஊரில் இருந்தாள் என்பன அவற்றுள் சில. ஆனால் எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு கருத்து இருந்தது. ஊருக்கு வந்துபோகிறவன் அங்கே நிலையாக வாழ எண்ணமில்லாதவன் என்பதே அக்கருத்து. தாய்க்குக் கொள்ளிவைக்க வந்ததும், தலைப்பிரசவத்துக்கு மகள் தாய்வீடு வந்ததும் ஆவணத்தில் ‘இடைவெளி’களாகப் பதிவாயின. நம் மக்களின் பண்பாடே அவர்களுக்கு எதிரான சாட்சியாகக் கூண்டில் ஏறியது.

பின்னர் நடந்தது வரலாறு. 1964 அக்டோபர் 30இல் சிறிமாவோ, சாஸ்திரி உடன்பாடு கையெழுத்தாயிற்று. நாடற்றோர் எனப்பட்ட 9,75,000 பேரில் 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பது என முடிவாயிற்று. மீதி 1,50,000 பேரை இரு நாடுகளும் சரிபாதியாகப் பிரித்துக்கொள்வது என 1974இல் தீர்மானமாயிற்று. மனிதர்களை வகுத்தலும் கழித்தலும் செய்த கணக்கு அது. தாத்தா 1972இல் குடும்பத்தோடு தலைமன்னாரில் கப்பலேறி இராமேசுவரத்தில் இறங்கினார். அங்கே ‘கள்ளத்தோணி’ என்று ஏசப்பட்டவர், இங்கே ‘சிலோன்காரர்’ ஆனார். அவர் பிறந்தது அந்தத் தேயிலை மலையில். இந்த ஊரை அதற்குமுன் அவர் கண்ணால் பார்த்ததில்லை. ஆயினும் அரசுக் காகிதங்களில் அவர் ‘தாயகம் திரும்பியோர்’. திரும்பாதவனைத் திரும்பியவன் என்றும், திரும்பியவனைப் புதியவன் என்றும் சொல்வதற்குச் சட்டத்தால் இயலும் என்பதை இதனால் அறிகிறோம்.

பர்மாவின் பாடம்

இலங்கையைப் போலவே பர்மாவும் நம் பகுதிக்குப் பழக்கமான நாடு. 1937 ஏப்ரல் 1 வரை பர்மா பிரிட்டிஷ் இந்தியாவின் ஒரு மாகாணமே. 1931ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி அங்கே பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர் இருந்தனர். ரங்கூன் மக்கள்தொகையில் பாதிக்கு மேல் அவர்களே.

1941 டிசம்பர் 23இல் ரங்கூனில் ஜப்பானியர் குண்டு வீசினர். 1942இன் முதல் மாதங்களில் இலட்சக்கணக்கானோர் காடும் மலையும் கடந்து அசாம், மணிப்பூர், சிட்டகாங் வழியாக இந்தியாவுக்கு நடந்தே வந்தனர். வழியில் பசியாலும் நோயாலும் மாண்டவர் பல்லாயிரவர். போர் முடிந்தபின் தங்கள் கடைக்கும் நிலத்துக்கும் திரும்ப விரும்பியோரை எதிர்கொண்டது 1947ஆம் ஆண்டின் பர்மா குடிவரவு (அவசர ஏற்பாடுகள்) சட்டம். செல்லத்தக்க கடவுச்சீட்டோ அனுமதிச் சீட்டோ இன்றி இனி யாரும் நுழைய முடியாது என்றது அது. குண்டுக்குத் தப்பி ஓடியவனிடம் அந்தச் சீட்டு எப்படி இருக்கும்? அவன் பிரிந்திருந்த ஐந்தாண்டுகளும் அவன் விரும்பித் தேர்ந்தவை அல்லவே.

1962இல் நே வின் ஆட்சியைப் பிடித்தார். 1964இல் கடைகள் நாட்டுடைமையாயின. பெரிய பணத்தாள்கள் செல்லாதவையாயின. இலட்சக்கணக்கான இந்தியர்கள் கப்பலேறினர். அவர்களுள் ஒரு சிறு கூட்டத்தின் செயல் என்னை வியக்க வைத்தது. தமிழ்நாட்டு முகாம்களில் வாழ முடியாமல், “பர்மாதான் நம் ஊர்” என்று முடிவு செய்து, 1960களின் நடுவில் அவர்கள் மணிப்பூர் வரை சென்று, எல்லையைக் கால்நடையாகத் தாண்ட முயன்றனர். பர்மிய எல்லைக் காவலர் அவர்களைத் திருப்பி அனுப்பினர். தெற்கே திரும்பவும் மனமின்றி, பர்மாவுக்குள் நுழையவும் வழியின்றி, எல்லையோரமாகிய மோரே என்ற சிற்றூரிலேயே அவர்கள் தங்கிவிட்டனர். அவ்வூரில் தமிழ்ச் சங்கமும், அங்காள பரமேசுவரி கோயிலும் உண்டு. கோயிலிலிருந்து சில கிலோமீட்டர் நடந்தால் பர்மாவின் தமு நகரம். தாங்கள் வாழ்ந்த நாட்டை வாசலிலிருந்தே பார்த்துக்கொண்டு முதுமையடைந்த மக்கள் அவர்கள். ‘மறுநுழைவு’ என்ற சட்டச் சொல்லுக்கு மோரேயை விடச் சிறந்த விளக்கம் எந்த நூலிலும் இருக்க முடியாது.

மூன்று அளவுகோல்கள்

உலக நாடுகள் பிறவற்றின் இன்றைய விதிகளை நோக்கினால், அவற்றை மூன்று வகைகளாகப் பிரிக்கலாம்.

முதலாவது, ஒற்றை இடைவெளியை அளப்பது. பழைய இலங்கைச் சட்டம் இவ்வகை. பிரிட்டனில் காலவரையற்ற தங்கும் அனுமதி பெற்றவர் தொடர்ந்து இரண்டாண்டுகளுக்கு மேல் வெளியே இருந்தால் அந்த அனுமதி தானாகவே அற்றுப்போகும். பின்னர் ‘திரும்பும் குடியிருப்பாளர்’ என்ற வகையில் விண்ணப்பித்து, தம் உறவு அறவில்லை என்று மெய்ப்பிக்க வேண்டும். வளைகுடா நாடுகளுக்குப் போகும் நம் பகுதி இளைஞர்கள் அறிய வேண்டியது ஒன்று உண்டு. ஐக்கிய அரபு அமீரகத்தில் சாதாரண வசிப்பு விசா, ஆறு மாதங்களுக்கு மேல் வெளியே தங்கினால் பொதுவாகச் செல்லாததாகிவிடும். அது நிரந்தரக் குடியிருப்பு அன்று. எனினும் கணக்கு அதே கணக்குத்தான்.

இரண்டாவது, மொத்த நாள்களைக் கூட்டுவது. கனடாவில் நிரந்தரக் குடியிருப்பாளர் ஐந்தாண்டு காலத்தில் 730 நாள்கள் அங்கே இருந்திருக்க வேண்டும். அந்நாள்கள் தொடர்ச்சியாக இருக்க வேண்டுவதில்லை. தாத்தாவின் தகப்பனாரை இந்த அளவுகோலால் அளந்தால், தேவையைப் போல ஏறத்தாழ இரு மடங்கு பெற்று முதல் வகுப்பில் தேறியிருப்பார்.

மூன்றாவது, எண்ணத்தையும் காரணத்தையும் கேட்பது. அமெரிக்காவில் நிரந்தரக் குடியிருப்பு அட்டை உடையவர் ஓராண்டோ அதற்கு மேலோ வெளியே இருந்துவிட்டால், அந்த அட்டையை மட்டும் காட்டி நுழைய முடியாது. முன்கூட்டியே மறுநுழைவு அனுமதி பெற்றிருந்தால் இரண்டாண்டு வரை அது உதவும். அதுவும் இல்லாதவர் தூதரகத்தில் ‘திரும்பும் குடியிருப்பாளர்’ விசாவுக்கு விண்ணப்பிக்கலாம். திரும்பும் எண்ணத்தோடுதான் புறப்பட்டேன், அவ்வெண்ணத்தை ஒருபோதும் கைவிடவில்லை, தாமதம் என் கைக்கு அப்பாற்பட்ட காரணத்தால் நேர்ந்தது என்று அவர் காட்ட வேண்டும். எளிதில் கிடைப்பதன்று. ஆயினும், ‘எத்தனை நாள்’ என்ற கேள்வியோடு ‘ஏன்’ என்ற கேள்வியும் அங்கே கேட்கப்படுகிறது.

நம்மவர் மிகுதியாக வாழும் சிங்கப்பூரில் மறுநுழைவு அனுமதி என்ற சீட்டே நிரந்தரக் குடியிருப்பின் உயிர்நாடி. அது செல்லுபடியாகாத நிலையில் வெளிநாட்டில் இருப்பவர், 2025 டிசம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்த விதிப்படி, 180 நாள்களுக்குள் புதிய அனுமதிக்கு விண்ணப்பிக்க வேண்டும். தவறினால் நிலையை இழப்பார். மலேசியாவில் சிவப்பு அடையாள அட்டையோடு ஆயுள் முழுதும் கழித்த தமிழ் முதியோர் பலர். மலேயாவில் 1952ஆம் ஆண்டின் குடிவரவுச் சட்டம் 1953இல் நடைமுறைக்கு வருமுன், ஊருக்கு வந்து திரும்புவது அவர்களுக்குத் தெருவைக் கடப்பது போன்றது. பின்னர் அது அனுமதிக்குரிய செயலாயிற்று.

விதி தவறினால் வல்லரசுகளிலும் அநீதி விளையும் என்பதற்கு 2018இல் பிரிட்டனில் வெடித்த விண்ட்ரஷ் விவகாரம் சான்று. 1948இல் ‘எம்பயர் விண்ட்ரஷ்’ என்ற கப்பலிலும், பின்வந்த கப்பல்களிலும் கரீபியத் தீவுகளிலிருந்து சென்று குடியேறியவர்கள் சட்டப்படி அங்கே வாழ உரிமையுடையவர்கள். ஆனால் அதைக் காட்டும் காகிதம் பலரிடம் இல்லை. உறவினரைக் காணத் தீவுகளுக்குப் போன சிலர், பல்லாண்டுகள் வாழ்ந்த நாட்டுக்குத் திரும்ப விடாமல் தடுக்கப்பட்டனர். அந்நாட்டு அரசு பின்னர் மன்னிப்புக் கேட்டு, 2019இல் இழப்பீட்டுத் திட்டம் தொடங்கியது. மண்டபத்தில் நின்றவனுக்கும் ஜமைக்காவில் நின்றவனுக்கும் நேர்ந்தது ஒன்றே.

அரசின் பக்கம்

அரசுகள் இப்படி விதி வகுப்பது வெறும் கொடுமை என்று சொல்லிவிட முடியாது. குடியிருப்பு உரிமை என்பது வாழ்வதற்காகத் தரப்படுவது. பெட்டியில் பூட்டி வைப்பதற்காக அன்று. இருபது ஆண்டுகளாகத் திரும்பிப் பார்க்காதவனும், சென்ற மாதம் போனவனும் ஒன்றாக மாட்டார்கள். எங்கேனும் ஒரு கோடு போட்டுத்தான் ஆக வேண்டும். தேர்விலும் தேர்ச்சி மதிப்பெண் என்று ஒரு கோடு உண்டல்லவா? ஆனால் தேர்வன்று நோயுற்றவனுக்கு மறுதேர்வு உண்டு. கோடு போடுவது தவறன்று. கோட்டுக்கு அப்பால் நிற்பவனிடம் காரணம் கேட்காமல் இருப்பதே தவறு.

உலகச் சட்டமும் இத்திசையிலேயே நகர்ந்திருக்கிறது. குடியியல், அரசியல் உரிமைகளுக்கான 1966ஆம் ஆண்டின் பன்னாட்டு உடன்படிக்கையின் 12ஆவது உறுப்பு, தன் சொந்த நாட்டுக்குள் நுழையும் உரிமையை யாரிடமிருந்தும் தான்தோன்றித்தனமாகப் பறிக்கலாகாது என்கிறது. ‘குடியுரிமை பெற்ற நாடு’ என்று அங்கே சொல்லப்படவில்லை. ‘சொந்த நாடு’ என்றே சொல்லப்பட்டுள்ளது. ஐக்கிய நாடுகளின் மனித உரிமைக் குழு 1999இல் அளித்த விளக்கத்தில், இத்தொடர் குடியுரிமையைவிட விரிந்தது என்றும், ஒரு நாட்டோடு சிறப்பான பிணைப்புடைய நெடுங்காலக் குடியிருப்பாளரையும் அது தழுவக்கூடும் என்றும் கூறியது. இந்தியா 1979இலும் இலங்கை 1980இலும் இவ்வுடன்படிக்கையில் சேர்ந்தன.

இலங்கையும் தன் பழைய கணக்கைத் திருத்தியது. 2003இல் இயற்றப்பட்ட சட்டம், 1964 அக்டோபர் 30 முதல் இலங்கையில் நிரந்தரமாகக் குடியிருந்த இந்திய வம்சாவளியினருக்கும் அவர்கள் வழித்தோன்றல்களுக்கும் குடியுரிமை வழங்கியது. ஆனால் அதிலும் ‘நிரந்தரமாக’ என்ற சொல் இருந்தது. 1983க்குப் பின் கலவரத்துக்கும் போருக்கும் அஞ்சித் தமிழ்நாட்டு முகாம்களுக்கு வந்தவர்கள் வெளியே இருந்ததனால் அதில் அடங்கவில்லை. பழைய பதினான்கு மாதக் கதையே மீண்டும்! 2009இல் அச்சட்டத்தைத் திருத்தி, இந்தியாவுக்குச் செல்ல நேர்ந்தவர்களையும் சேர்த்தனர். அறுபது ஆண்டுகளுக்குப் பின், ‘ஏன் போனாய்?’ என்ற கேள்வியைச் சட்டம் முதன்முறையாகக் கேட்டது. இத்திருத்தம் பற்றிப் படித்த அன்று நான் தாத்தாவிடம் சொன்னேன். சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “எங்கய்யாவுக்குக் கேக்கலையே” என்றார்.

நம் கையிலுள்ள அளவுகோல்

இக்கட்டுரையை இத்தோடு முடித்திருந்தால், பிறர் நமக்குச் செய்த அநீதியைச் சொல்லும் கட்டுரையாக மட்டும் அமைந்திருக்கும். ஆனால் நம் மாவட்டத்திலேயே குல்லூர்சந்தையிலும் மல்லாங்கிணற்றிலும் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்கள் உள்ளன. என் நண்பன் ஒருவன் முகாமிலிருந்து படிக்க வருகிறான். அவன் இங்கேயே பிறந்தவன். இவ்வூர்ப் பேச்சையே பேசுகிறான். இவ்வூர்ப் பொங்கலுக்கே மாடு பிடிக்கிறான். பெற்றோர் வழியில் பிறப்பைப் பதிவுசெய்து இலங்கைக் குடியுரிமை பெற அவனுக்கு வழியுண்டு. ஒருநாள் பேருந்துக்குக் காத்திருக்கையில் அவன் கேட்டான்: “நான் அங்க போனா, அது திரும்பிப் போறதா? இல்ல, புதுசாப் போறதா? போய்ட்டு இங்க வரணும்னா, அப்ப நான் யாரு?”

எனக்கு விடை தெரியவில்லை. தாத்தா 1972இல் கப்பலில் நின்று கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது. அவனை அளக்கும் அளவுகோல் இன்று நம் நாட்டின் கையில் இருக்கிறது. நம் முன்னோரைப் பதினான்கு மாதத்தால் அளந்தவர்களைக் குறை கூறும் நாம், நாற்பதாண்டு முகாம் வாழ்வை எதனால் அளக்கப் போகிறோம் என்பது சிந்தனைக்குரியது.

முடிவாக, படித்துப் பட்டம் பெற்று வெளிநாடு செல்ல எண்ணும் தோழர்களுக்கு இரண்டு சொல்வேன். ஒன்று, நீங்கள் வெளியே தங்கும் நாள்களை எண்ணுங்கள்; போன தேதி, வந்த தேதி, அதற்கான காரணம், மருத்துவச் சீட்டு, பயணச் சீட்டு ஆகிய எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள். உங்களுக்கு வந்த கடிதத்தை நீங்களே படியுங்கள். இரண்டு, நாளை அதிகாரியாகவோ சட்டம் படித்தவராகவோ ஒரு மேசைக்குப் பின்னால் அமரும் வாய்ப்பு உங்களுள் யாருக்கேனும் கிடைக்கும். அப்போது முன்னால் நிற்பவரிடம் எத்தனை மாதம் என்று கேட்பதோடு நிறுத்தாமல், எதற்காகப் போனீர்கள் என்றும் கேளுங்கள்.

கணிதத்தில் எழுதுகோல் ஏன் எடுக்கப்பட்டது என்று கேட்க வேண்டிய தேவை இல்லை. மனித வாழ்வில் உண்டு. தாயின் கருமாதிக்கு வந்தவனின் கோடு அறுந்ததாக நான் ஒப்பமாட்டேன். அந்தக் கடிதத்தை மறுபடி துணியில் சுற்றிப் பெட்டியில் வைத்துவிட்டோம். இப்போது அதன் மேல், தாத்தா சொல்லச்சொல்ல நான் எழுதிய தமிழ் மொழிபெயர்ப்பும் இருக்கிறது. அதில் பதினான்கு மாதத்துக்கும் காரணம் எழுதியிருக்கிறோம்.